ஆடாதோடை மந்திரி வாசலில் நின்ற கதை

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் நாலு பேர் ஓடிவந்து நூறாயுசு சொன்ன காலத்தில், ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் யாராவது "அட, அது எங்கள் ஊர்ப் பக்கம்தான்" என்று கிளம்பிவிடுவீர்கள், கதை அங்கேயே நின்றுவிடும். அந்த ராஜ்யத்தை ஆண்டவர் கம்பீரவர்மர். கம்பீரமெல்லாம் பெயரோடு சரி. ஐப்பசி மழையில் பிடித்த இருமல் தை பிறந்தும் அவரை விடவில்லை.

லேசான இருமல் என்று நினைத்துவிடாதீர்கள். அரியணையில் உட்கார்ந்து அவர் இருமினால் மண்டபத்து விதானத்தில் இருந்த புறாக்கள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுபடி உட்காரும். ஒரு நாள் வரப்புத் தகராறு ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் முந்திக்கொண்டது. அது ஓய்வதற்குள் வாதியும் பிரதிவாதியும் தங்களுக்குள் பேசி ராசியாகி, ஒரே வண்டியில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள்.

ராஜா இருமும்போது தான் சும்மா இருந்தால் விசுவாசம் குறைவு என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று சபையில் எல்லோருக்கும் பயம். அதனால் அவர்களும் சேர்ந்து இருமினார்கள். இதில் முதல் ஆள் சேதிராயர். அரண்மனைப் பேரதிகாரி. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இருமிப் பழகிவிட்டு வருகிறார் என்று ஊரில் பேச்சு.

இருமாத ஆள் ஒருவர் இருந்தார். அவர்தான் சபையின் விகடர், ஆதிமூலம்.

"நீர் மட்டும் ஏன் இருமுவதில்லை?" என்று சேதிராயர் சபை நடுவில் ஒரு நாள் கேட்டார். மாட்டிவிடும் எண்ணம்தான்.

"எல்லோரும் இருமிவிட்டால் கேட்பதற்கு ஒருவர் வேண்டாமா, ஐயா?" என்றார் ஆதிமூலம்.

ராஜா சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. புறாக்கள் எழும்பின. சேதிராயருக்கு வயிறு எரிந்தது. தொண்டை கிழிய இருமியும் தனக்குக் கிடைக்காத சிரிப்பு, இந்த மனுஷனுக்கு இருமாமலேயே கிடைக்கிறதே என்ற எரிச்சல். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அரண்மனை வைத்தியர் அம்பலவாணப் பண்டிதர் வயதானவர், நல்ல கைராசிக்காரர். வாய்தான் பயந்த வாய். பஸ்பம், லேகியம் என்று இருந்த விலையுயர்ந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் யானைக் கொட்டடிக்குப் பின்னால் வேலியாக நின்ற ஆடாதோடைப் புதரிடம் போனார். உங்களுக்குத் தெரிந்த செடிதான். ஆள் உயரம் வளரும், நீள இலை, வெள்ளைப் பூ. வாயில் வைத்தால் சாயங்காலம் வரை கசக்கும். ஆடு மாடு திரும்பிப் பார்க்காது என்பதால் வேலிக்கு வைப்பார்கள். வாழைத்தார் பழுக்கப் போடுகிறவர்கள் இலையைக் கொண்டுபோய்ப் பரப்புவார்கள். மற்றபடி அதை யாரும் மதித்ததில்லை.

பண்டிதர் அந்த இலையை நறுக்கி, மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டு, வற்றக் காய்ச்சி, தேன் விட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தார். ராஜா குடித்தார். குடித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு இரண்டு காவலர்கள் வாளை உருவினார்கள். ஆனால் மார்பில் கட்டியிருந்த கோழை இளகியது. சில நாளில் இருமல் போன இடம் தெரியவில்லை. புறாக்கள் குஞ்சு பொரித்தன.

இருமல் போனால் ஒரு மனுஷன் நிம்மதியாகத் தூங்க வேண்டியதுதானே? ராஜா ஆயிற்றே. மறுநாள் சபையில் எழுந்து நின்றார்.

"நம் உயிரைக் காத்த இந்த மருந்து நம் குடிகளுக்கும் கிடைக்க வேண்டாமா? நான் மட்டும் அனுபவித்துவிட்டு அவர்களை மறப்பது நியாயமா? வரும் பௌர்ணமி முதல், காலையில் மணி அடித்ததும் இந்த நகரத்தில் ஒவ்வொருவரும் ஒரு குவளை ஆடாதோடைக் கஷாயம் அருந்த வேண்டும். இருமல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கைக்குழந்தை முதல் முதியவர் வரை."

மனசு நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல முடியாது. சேதிராயர் உடனே எழுந்தார். "மகாராஜாவைக் காத்த மருந்தைக் குறை கூறுவது மகாராஜாவையே குறை கூறுவதாகும், அதற்குத் தலையே தண்டம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் உத்தரவு பூர்த்தியாகும்."

சேர்த்துவிட்டார்கள். காய்ச்சும் பொறுப்பும் ஊற்றும் பொறுப்பும் சேதிராயருக்கே வந்து சேர்ந்தது.

ஆதிமூலம் இதைச் சிரிக்கச் சிரிக்க வீட்டில் வந்து சொன்னார். அவர் மனைவி செங்கமலம் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

செங்கமலத்துக்கு ஆறு மாசம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனிமேல் இல்லை என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் சொல்லிக்கொண்ட பிறகு தங்கிய கர்ப்பம். வாயில் பேச்சு ஓயாத ஆதிமூலம், அந்தச் சேதி தெரிந்த அன்று மட்டும் பேச்சு வராமல் கொல்லையில் போய் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த ஆடாதோடையா?" என்றாள். "வயித்துப்பிள்ளைக்காரிக்கு அது ஆகாதுங்க. எங்க ஊரு மருத்துவச்சி சொல்லிச் சொல்லி வளத்திருக்கா. வேலியோரமா போறப்பகூட ஒரு இலையைக் கிள்ளி வாயில வச்சிராதேன்னு."

"அதை யாருடி ஆசையா கிள்ளி வாயில வைக்கப்போறா?"

"சிரிக்காதீங்க. கருவைக் கலைச்சிரும்ங்க அது."

ஆதிமூலம் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே பண்டிதர் வீட்டுக்கு ஓடினார்.

பண்டிதர் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். கூண்டில் இருந்த கிளி கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் ஜாதி என்பதால் அதைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்து, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"உன் பெண்டாட்டி சொன்னது மெய்தான்பா. இருமலுக்கு அதைப் போல ஒண்ணு கிடையாது. கோழையை இளக்கும், மூச்சிரைப்பைத் தணிக்கும். ஆனா அது கருப்பையையும் இறுக்கும். பிள்ளையைச் சுமக்கிறவ தொடவே கூடாது. பச்சைக் குழந்தைக்கும் ஆகாது. நம்மள மாதிரி ஆளுங்களுக்கே அளவு மீறினா குடலைப் புரட்டி எடுத்துரும். நான் ராஜாவுக்குக் கொடுத்தது சின்னக் கிண்ணம். இவங்க குவளை குவளையா ஊத்தப் போறாங்க."

"இதை மகாராஜாகிட்ட சொல்லலாமே, பண்டிதரே?"

"சொல்லலாம். தலை கழுத்து மேல இருக்கிற வரைக்கும் சொல்லலாம்."

சரி, நாமே சொல்லிவிடுவோம் என்று மறுநாள் ஆதிமூலம் சபையில் எழுந்து நின்றார். விகடம் எதுவும் இல்லை, கைகட்டிச் சொன்னார். "அரசே, அருமையான மருந்து. மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணிகளுக்கு மட்டும் வேண்டாம். கருவுக்குக் கேடு."

சேதிராயர் காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி எழுந்தார். "கேட்டீர்களா, மகாராஜா? தங்கள் உயிரைக் காத்ததைக் கேடு என்கிறார். தங்களைப் பிழைக்க வைத்தது இவருக்குக் கேடாகத் தெரிகிறது போலும்."

ராஜாவின் முகம் சுண்டிப் போயிற்று. பண்டிதரைப் பார்த்து, "பண்டிதரே, நீர் என்ன சொல்கிறீர்?" என்றார். பண்டிதர் விதானத்துப் புறாவைப் பார்த்தார், சேதிராயரைப் பார்த்தார், கடைசியில் தன் கால் கட்டை விரலைப் பார்த்து, "மகாராஜாவுக்கு நன்மை செய்த மருந்து..." என்று ஆரம்பித்து மீதியை மென்று முழுங்கிவிட்டார்.

"ஆதிமூலம்," என்றார் ராஜா, "நீ பேசியதற்கு இந்நேரம் உன் தலை போயிருக்க வேண்டும். உன்னிடம் உள்ள அன்பினால் வேறு விதமாக முடிவு செய்கிறேன். பௌர்ணமியன்று முதல் குவளை உன் மனைவிக்கு. நானே நேரில் வருகிறேன். அவள் நலமாக இருப்பதை நீயே பார்த்துத் தெளிந்துகொள்."

ஆனாலும் ஒரு வழி இருந்தது. அந்த ராஜ்யத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் பெண் கர்ப்பமானால், நிலைப்படியில் ஒரு வேப்பங்கொத்தில் கண்ணாடி வளையலைக் கோத்துக் கட்டிவிடுவார்கள். குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கும்வரை அந்த வாசலை எந்த அரசாங்க உத்தியோகஸ்தரும் தாண்டக்கூடாது. வரி வசூலிக்க வந்தவனானாலும் வாசலில் நின்று திரும்ப வேண்டியதுதான். அந்தக் காலத்தில் ஒரு மணியக்காரன் பிள்ளைத்தாய்ச்சி இருந்த வீட்டுக்குள் புகுந்து கூச்சல் போட்டு, அவள் மயங்கி விழுந்தாளாம். அதைக் கேட்டுக் கொதித்துப்போய் ராஜாவின் கொள்ளுப்பாட்டியார் போட்ட கட்டளை அது. ராஜாவே வந்தாலும் அந்தக் கொத்துக்கு இந்தப் பக்கம்தான்.

"அரசே, என் வீட்டு நிலையில் வேப்பங்கொத்து இருக்கிறது," என்றார் ஆதிமூலம்.

ராஜா தயங்கினார். கொள்ளுப்பாட்டியார் என்றால் அவருக்கு இன்றைக்கும் பயம்.

சேதிராயர் சிரித்தார். "வழக்கம் தடுப்பது உத்தியோகஸ்தர்களைத்தான், மகாராஜா. நாம் யாரும் உள்ளே போகப்போவதில்லை. வாசலில் நிற்போம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குவளையை ஏந்திக்கொண்டு போகட்டும். குவளைக்கு உத்தியோகம் உண்டா? கஷாயம் என்ன மந்திரியா, மணியக்காரனா?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் "சரியான பேச்சு" என்று தலையாட்டினார். அத்தனை வருஷம் அந்தச் சபையைச் சிரிக்க வைத்த மனுஷன், அன்றைக்குச் சிரிக்காமல் நின்ற ஒரே ஆளாக நின்றார்.

வீட்டுக்கு வந்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செங்கமலம் நிலையில் காய்ந்துபோன வேப்பங்கொத்தை அவிழ்த்துவிட்டுப் புதுக் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு முக்காலியில் ஏறி நிற்கிறாளே என்று அவர் எழுந்து பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னார்.

"நான் குடிக்க மாட்டேங்க. ராஜா இல்ல, யாரு வந்தாலும் குடிக்க மாட்டேன்," என்றாள் அவள்.

"குடிக்கலைன்னா என் தலையை எடுத்துருவான். போகட்டும், எடுத்துக்கட்டும். அப்புறமும் குவளையைக் கொண்டுவந்து நீட்டுவானே கமலம். அதை யாரு தடுக்கிறது? இந்த ஊர்ல கொத்துக் கட்டுன வாசல் நம்மளது மட்டுமா?"

செங்கமலம் முடிச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். கோபம் அவளுக்கு. "கஷாயத்துக்கு உத்தியோகம் இல்லையாமா? வேலியில கிடந்த செடியைக் கொண்டுபோய் ஊரையே ஆட்டி வைக்க விட்டாச்சு. கையோட ஒரு உத்தியோகத்தையும் குடுத்துற வேண்டியதுதானே. சம்பளம் ஒண்ணுதான் பாக்கி."

ஆதிமூலம் அவளை அண்ணாந்து பார்த்தார். அவள் கையில் இருந்த வேப்பங்கொத்தைப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சிரித்தார்.

"என்னங்க, பயத்துல புத்தி பிசகிருச்சா?" என்றாள் செங்கமலம்.

"இல்லடி. உன் வாயை நாளைக்குச் சபைக்கு எடுத்துட்டுப் போகப்போறேன்."

மறுநாள் ஆதிமூலம் சபையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். "அரசே, அறியாமல் பேசிவிட்டேன். பொறுத்தருள வேண்டும். என் மனம் இப்போது வேறு விதமாக வருந்துகிறது. தங்கள் உயிரைக் காத்தவர் இன்னும் யானைச் சாணிக்கு நடுவே, வெயிலிலும் பனியிலும் நிற்கிறார். தங்கள் நகம் வெட்டுகிறவருக்குக்கூடப் பட்டம் உண்டு. அவருக்கு ஒரு பட்டமும் இல்லை. பெரிதாக வேண்டாம். ஏதாவது ஒரு ஊருக்குத் தலையாரி வேலையாவது கொடுக்கக்கூடாதா?"

ராஜாவுக்குப் பட்டம் கொடுப்பதென்றால் கரும்பு. முகம் மலர்ந்தது. சேதிராயருக்கோ தூக்கிவாரிப் போட்டது. ஆடாதோடையைப் புகழ்வது தன் சொத்தல்லவா, இதிலும் இந்த ஆள் முந்திக்கொள்கிறானே?

"தலையாரியா?" என்று எழுந்தார். "மகாராஜாவின் மூச்சைக் காத்தவருக்குத் தலையாரி வேலையா? இது அவமதிப்பு."

"அப்படியானால் மணியக்காரர்?" என்றார் ஆதிமூலம் பணிவாக.

"மந்திரி," என்றார் சேதிராயர். "சுவாச ரட்சக மகாமந்திரி. அதற்குக் குறைந்த எதையும் இந்தச் சபை ஏற்காது."

"பேரதிகாரியின் பெருந்தன்மை எனக்கு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன்," என்று ஆதிமூலம் தலையைச் சொறிந்தார். "ஒரு சந்தேகம். மந்திரி என்பது அடித்தண்டு மட்டுமா, இலையும் உண்டா? நாளைக்குக் கஷாயக் குடம் தெருவில் வரும்போது எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று ஜனங்கள் குழம்பக்கூடாது பாருங்கள்."

"வேர், தண்டு, இலை, சாறு, கஷாயம், கடைசிச் சொட்டு வரை மந்திரிதான்," என்றார் சேதிராயர், மார்பை நிமிர்த்தி.

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா. முத்திரை விழுந்தது.

அடுத்த சில நாட்கள் அந்த அரண்மனையில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் சொன்னால்கூட நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு ஆடாதோடைச் செடியை வேரோடு தோண்டி, வெண்கல அண்டாவில் வைத்து, பட்டு சுற்றி, கிளையில் முத்திரை மோதிரத்தைக் கட்டி மந்திரிகள் வரிசையில் வைத்தார்கள். பதவிப் பிரமாணத்தைச் செடியின் சார்பில் பண்டிதர் வாசித்தார். அவர் கை நடுங்கியதில் மந்திரியின் இலை இரண்டு உதிர்ந்தது, காவலர்கள் முறைத்தார்கள். வெண்சாமரம் வீச ஒருத்தன், தாகசாந்திக்குச் சொம்புத் தண்ணீரோடு ஒருத்தன். மற்ற மந்திரிகள் வரும்போதும் போகும்போதும் வணக்கம் சொன்னார்கள். பதில் வணக்கம் வரவில்லை என்று தானிய மந்திரி மட்டும் மனத்தாங்கலாக இருந்தார்.

ராஜா எந்த விஷயமானாலும் புது மந்திரியையும் ஒரு வார்த்தை கேட்டார். அது பேசாமல் இருந்தது. "குறுக்கே பேசாத மந்திரி இவர் ஒருவர்தான்" என்று ராஜா பூரித்துப்போனார்.

பௌர்ணமி வந்தது. மேளம், நாதஸ்வரம், யானை, குடை, எல்லாம் ஆதிமூலத்தின் தெருவுக்கு வந்தன. முன்னால் பல்லக்கில் கஷாயக் குடம். பின்னால் பல்லக்கில் ராஜா. பக்கத்தில் சேதிராயர், பின்னால் ஒளிந்து ஒளிந்து பண்டிதர். தெருவே திரண்டு நின்றது. கூட்டத்தில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் பலர். அவர்கள் சிரிக்கவில்லை.

வாசலில் ஆதிமூலம் நின்றார். தலைக்கு மேலே பச்சைப் பசேலென்று வேப்பங்கொத்து, அதில் சிவப்புக் கண்ணாடி வளையல். கதவுக்குப் பின்னால் செங்கமலத்தின் மூச்சு அவருக்குக் கேட்டது.

சேதிராயர் ஒரு குவளையில் ஊற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி வாசல்வரை வந்தாள்.

ஆதிமூலம் குவளையைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிட்டார். "மந்திரியாரே, வர வேண்டும். ஏழை வீட்டு வாசலுக்குத் தாங்களே வந்தது என் பாக்கியம். ஆனால் மன்னிக்க வேண்டும், இதற்கு மேல் வர வழியில்லை. மேலே பாருங்கள்."

தெருவே மேலே பார்த்தது.

"கொத்துக் கட்டிய வாசலை உத்தியோகஸ்தர் தாண்டக்கூடாது," என்றார் ஆதிமூலம். "சாதாரண மணியக்காரருக்கே தடை. தாங்கள் மகாமந்திரி. கடைசிச் சொட்டு வரை மந்திரி என்று முத்திரை விழுந்திருக்கிறது. மகாராஜாவே அந்தப் பக்கம் நிற்கும்போது தாங்கள் உள்ளே வந்தால், கொள்ளுப்பாட்டியாருக்கு யார் பதில் சொல்வது?"

மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள்.

சேதிராயருக்கு முகம் கறுத்தது. "இது என்ன பிதற்றல்? மந்திரி அரண்மனையில் அண்டாவில் இருக்கிறார். இது வெறும் கஷாயம்."

"ஓ, இவர் மந்திரி இல்லையா?" ஆதிமூலம் ராஜாவின் பக்கம் திரும்பினார். "அரசே, நம் மந்திரி ஒருவரின் கைகால்களைக் கிள்ளி, நறுக்கி, மிளகு தட்டிப் போட்டு, அண்டாவில் வேகவைத்திருக்கிறார்கள். வேகவைத்ததோடு நில்லாமல், வெந்த பிறகு அவர் மந்திரியே இல்லை என்கிறார்கள். மந்திரி மேல் கை வைத்தால் என்ன தண்டனை, பேரதிகாரி?"

ராஜா மெதுவாகச் சேதிராயரைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை, இல்லை. இது மந்திரிதான்," என்றார் சேதிராயர் அவசரமாக.

"அப்படியானால் வேப்பங்கொத்து."

"இல்லை, இது..." சேதிராயர் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் சேறு. மூளை ஓடாதபோது சிலருக்குக் கோபம் வரும். அவருக்கு வந்தது. "எல்லாம் வாய்ஜாலம், மகாராஜா. தண்ணீரைப் போல யாரும் எவ்வளவும் குடிக்கக்கூடிய மருந்து இது. இதோ, நானே காட்டுகிறேன்."

குடத்தைத் தூக்கினார். "ஐயா, அளவு, அளவு," என்று பின்னாலிருந்து பண்டிதரின் குரல் கீச்சென்று வந்தது. சேதிராயர் கேட்டால்தானே. கழுத்து நரம்பு புடைக்க, கடகடவென்று குடித்து, குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவர் வெற்றிச் சிரிப்பு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. முகம் வெளுத்தது, அப்புறம் பச்சையாயிற்று. ஒரு கையால் பல்லக்குத் தண்டைப் பிடித்தார். அவ்வளவுதான். பட்டு அங்கவஸ்திரம், சரிகைச் செருப்பு, முன்னால் நின்ற குடைக்காரனின் முதுகு, எதுவும் தப்பவில்லை.

"அரசே," என்றார் ஆதிமூலம் வருத்தமான குரலில், "மந்திரி ராஜினாமா செய்துவிட்டார்."

ராஜாவின் வயிறு குலுங்கியது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. பல்லக்கில் இருந்து இறங்கித் தெருவிலேயே உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரித்தார். தெருவும் சேர்ந்து சிரித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஆதிமூலத்தின் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

சிரிப்பு ஓய்ந்து ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஆதிமூலம் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. விகடர் அழுது அந்த ராஜா பார்த்ததில்லை.

"அரசே, இதுவரை பேசியது விகடம். இனிப் பேசுவது விகடம் இல்லை," என்றார். "இவர் மலை மாதிரி ஆள், அளவு மீறியதும் இவரையே உருட்டிவிட்டது. உள்ளே இருக்கிறவளுக்கு அந்தச் செடி அளவோடும் ஆகாது. எத்தனையோ காலம் காத்திருந்து வந்த உயிர், அரசே. எங்களுக்கு அது ஒன்றுதான். இந்தத் தெருவில் நிற்கிற ஒவ்வொருத்திக்கும் அவளவள் வயிற்றில் இருப்பது அது ஒன்றுதான்."

ராஜா பண்டிதரைக் கூப்பிட்டார். பண்டிதர் காலில் விழுந்து, கிளியை வெளியே வைத்துவிட்டுச் சொன்னதையெல்லாம் இப்போது ஊரறியச் சொன்னார். கர்ப்பிணிக்கு ஆகாது, பச்சைக் குழந்தைக்கு ஆகாது, இருமல் உள்ளவர்களுக்கும் ஆளைப் பார்த்து அளவைப் பார்த்துத்தான்.

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"குறை சொன்னால் தலை போகும் என்று உத்தரவு, மகாராஜா."

"என் உத்தரவாலேயே என் காதை அடைத்துக்கொண்டேனா?" என்று ராஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, வேப்பங்கொத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, கதவைப் பார்த்துக் கைகூப்பினார். "உள்ளே இருக்கும் அம்மா, என்னை மன்னித்துக்கொள்."

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "பரவாயில்லைங்க மகாராஜா. வெயில்ல நிக்காதீங்க, மறுபடியும் இருமப்போறீங்க."

அன்றைக்கே பழைய உத்தரவு கிழிந்தது. இருமல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக் குடியுங்கள், கொத்துக் கட்டிய வீட்டுப் பக்கம் அந்தக் கஷாயம் போகவே கூடாது என்று பறை அறைந்தார்கள். மருந்தின் நல்லதும் கெட்டதும் எந்தச் சபையிலும் சொல்ல வைத்தியருக்கு உரிமை உண்டு என்றும் சேர்த்தார்கள். மகாமந்திரியைப் பட்டு அவிழ்த்து, மரியாதை குறையாமல் கொண்டுபோய் யானைக் கொட்டடிக்குப் பின்னால் பழைய இடத்திலேயே நட்டார்கள். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு சேதிராயருக்கு. அந்த இலையின் வாசனை பட்டாலே அவருக்குக் குமட்டியது. அதனால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றினார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்," என்றார் ராஜா ஆதிமூலத்திடம். "பிள்ளை பிறந்து வந்து கேட்கும் அரசே," என்றார் அவர்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் தெருக்கோடி வரை சேதி போயிற்று. நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்று பண்டிதர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். தொட்டிலிட்டு, பேர் வைத்து, எல்லாம் முடிந்தது.

ராஜா மகிழ்ந்துபோய்ச் சேவகர்களிடம் ஒரு தங்கத் தட்டைக் கொடுத்தனுப்பினார். தட்டில் குழந்தைக்கு ஒரு பட்டம்: 'சுவாச ரட்சகக் குலக்கொழுந்து இளைய மந்திரி.' முத்திரையோடு வந்தது. வந்தவர்கள் வாசலில் திகைத்து நின்றார்கள். பேர் வைத்து நாளாகியும் வேப்பங்கொத்து நிலையிலேயே தொங்கியது. காயவும் இல்லை. அன்று காலையில்தான் புதிதாகக் கட்டியது போலிருந்தது.

"இன்னும் அவிழ்க்கலையா, கமலம்?" என்று ஆதிமூலம் உள்ளே பார்த்துக் கேட்டார்.

"அவுக்கிறதா இல்லை," என்றாள் செங்கமலம் தொட்டிலை ஆட்டியபடி. "பட்டத்தை அப்படியே வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிடுங்க. எம்புள்ளையைக் கிள்ளிக் கஷாயம் வைக்கிறதுக்கா?"

சேவகர்கள் தட்டோடு திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னார்கள். ராஜா சிரித்த சிரிப்பில் புறாக்கள் எழும்பி, இருமலோ என்று பயந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இல்லை என்று தெரிந்து உட்கார்ந்தன.

மறுநாள் காலையில் ஆதிமூலம் வீட்டு வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டது. ஒரு கறவைப் பசு, கூடவே கன்று. ஓட்டி வந்தவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். பசுவின் கழுத்தில் பட்டு இல்லை, முத்திரை இல்லை. "இதற்கு அரண்மனையில் எந்த உத்தியோகமும் இல்லை, இது வெறும் பசு என்று மகாராஜா சத்தியம் செய்து சொல்லச் சொன்னார்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

செங்கமலம் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து பார்த்தாள். பசு வேப்பங்கொத்துக்குக் கீழே வந்து தலையைத் தூக்கி, எட்டின ஒரு வேப்பிலையைக் கடித்து மென்றுகொண்டே, யாரையும் கேட்காமல் உள்ளே வந்தது.